டவர் பாறையில் பச்சை விழும்

பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று மைக்கைக் கொடுத்தால் ஓய்வு பெற்றவர்கள் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. என்னைப் பற்றி எனக்கே தெரியும் என்பதால் எழுதித் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிடிக்காவிட்டால் நீங்கள் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். உங்கள் கொட்டாவியைப் பார்க்கும் வேதனை எனக்கும் மிச்சம்.

பிசியோதெரபிஸ்டாக என் காலத்தின் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே கழிந்தது. கடைசிச் சில ஆண்டுகள் மட்டும், இப்போது நீங்கள் சேர்ந்திருப்பது போன்ற ஒரு திட்டத்தில் கொல்லிமலைக்காரர்களுக்காக வேலை செய்தேன். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு ஒரு செல்போனைக் கொடுப்போம். அதிலுள்ள செயலி ஒவ்வொரு பயிற்சியாகச் செய்து காட்டும். நோயாளி போனை எதிரே நிறுத்திவைத்து அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். எத்தனை முறை கை தூக்கினார், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்று போன் எண்ணிக்கொள்ளும். அந்தக் கணக்கெல்லாம் சேந்தமங்கலத்தில் இருந்த எங்கள் அலுவலகத் திரைக்கு வந்து சேரும். வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டுப் பேசுவோம்.

செல்போன் வந்து தொழிலே கெட்டுப்போயிற்று என்று புலம்பும் கட்சியில் நான் இல்லை. அது வருவதற்கு முன்னால் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மலைக்குத் திரும்பிப் போகிறவரிடம் "வாரம் மூன்று நாள் வாங்க" என்று சொல்லி அனுப்புவோம். ஒரு பக்கம் விளங்காத உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் குலுங்கி, வாந்தியெடுத்து, நம் முன்னால் வந்து உட்காரும்போது அவருக்கு மூச்சு விடவே தெம்பு இருக்காது. இரண்டாவது வாரம் வரமாட்டார். அடுத்த வருடம் வேறு ஏதாவது நோய்க்கு வரும்போது பார்த்தால் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். அதனால் இந்தச் செயலி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

இனி பழனியம்மாவின் கதைக்கு வருகிறேன்.

கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; வாழவந்தி நாட்டில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தை மாதத்தில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை அவளைச் சந்தித்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். போனைக் கொடுத்து விவரம் சொல்ல நான் முதல்முறை போனபோது, செயலியில் வரும் பெண்குரல் "அருமை! மிக நன்று!" என்று பாராட்டியதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் புள்ள எதச் செஞ்சாலும் அருமைங்குது. நானு கைய அரையடிதான் தூக்குனேன். அதுல என்னங்க அருமை?"

மலையில் எங்களுக்கு டாக்டரம்மா பட்டம் இலவசம். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மலைமேல் சோளக்காடு என்ற ஊரின் ரோட்டோரச் சந்தையில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. பலா, அன்னாசி, வாழை, சீசனில் மிளகு என்று வருடக்கணக்காக அங்கே உட்கார்ந்து விற்றவள். அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. உட்காருகிறவருக்கு இடம், அவ்வளவுதான் வழக்கம். ஒரு பலாச் சீசன் முழுக்க ஆள் வராவிட்டால் இடம் கைமாறிவிடும். பிறகு கேட்பது மரியாதையில்லை. அவள் படுத்த பிறகு அங்கே வேறொருத்தி சாக்கு விரித்து உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்று சேதி வந்திருந்தது.

"ஆடி மாசத் திருவிழாக் கூட்டத்துக்குள்ள நானு சோளக்காட்டுல போயி உக்காரோணும். அதுக்கு வழி இருக்குதா இல்லையா? ரெண்டுல ஒன்னு சொல்லீட்டுப் போங்க."

"தினமும் இதைச் செஞ்சா வழி இருக்கு," என்றேன்.

அவள் கணவர் பொன்னுசாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அறுபதை ஒட்டிய மனிதர். அவள் எழுவதற்குள் தாங்கிப் பிடித்தார், தண்ணீர் கேட்பதற்குள் கொண்டுவந்தார். இப்படி ஒரு கணவர் அமைந்தால் பாதி வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த எண்ணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சித்திரை முடியும் தருவாயில் எங்கள் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண். இளம்வயது, சுறுசுறுப்பு, திரையைப் பார்த்தே ஊரை அளந்துவிடுகிறவர்.

"மேடம், வாழவந்தி நாட்டுப் பழனியம்மா சொன்னதில பாதிகூடச் செய்யல. சில வாரம் சுத்தமா ஒன்னுமே இல்ல. ஆர்வமில்லைன்னு போட்டுடலாமா? போனுக்காக வேற ஆளுங்க காத்திருக்காங்க. நீங்க சரின்னு சொன்னா வாங்கிடலாம்."

அவர் சொன்னதில் தவறில்லை. போன்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தைய வாரத்து வீடியோ அழைப்பில் பார்த்த ஒன்று எனக்குள் முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

அந்த அழைப்புகளில் பெரும்பாலும் பொன்னுசாமியின் நெற்றிதான் தெரியும். "செய்யறாளுங்க, செய்யறாளுங்க" என்பார். படம் உறைந்துவிடும், மறுபடி உயிர் பெறும். அன்றைக்குப் படம் உறைந்த நேரத்தில் பழனியம்மாவின் கால் திரையின் ஓரத்தில் விழுந்திருந்தது. விளங்காத இடது கால்தான். அதன் பாதத்திலும் விரல் இடுக்கிலும் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. வீட்டைவிட்டே வெளியே வராமல், பயிற்சியும் செய்யாமல் கிடக்கிறவள் காலில் ஈர மண் எப்படி ஒட்டும்? மண்ணில் ஊன்றாத காலில் மண் ஒட்டாது.

"பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு பயணம் என்றால் ஒரு நாள் போய்விடும். போகட்டும் என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். திரையும் கண்ணில் பட்டதும் ஒத்துவராவிட்டால் பஸ்ஸைப் பிடியுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"டவர் பாறைக்குப் போயிருக்காங்க," என்றாள். "வெயிலடிச்சா அங்கதானுங்க. போனு அங்கதான ஓடும்."

"என்ன பாறை?"

"அதானுங்க, டவர் கெடைக்கிற பாறை. இந்த மேட்டு மேல ஏறுனீங்கன்னா தெரியும்."

மேடு என்று அவள் சொன்னதை நான் மலை என்றுதான் சொல்வேன். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடித் தடம். பிறகு படிபோல் வெட்டிய மண், பிறகு வெறும் பாறை. இரண்டு காலும் நன்றாக இருக்கும் நானே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பக்கவாதம் வந்த ஒருத்தி இதில் ஏறினாள் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிற கதைதான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மேலே வந்தேன்.

மேலே இருவரும் இருந்தார்கள். போன் ஒரு கல்லில் சாய்ந்து நின்றது. அதன் எதிரே பழனியம்மா நின்றபடி இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுசாமி ஒரு துண்டை அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். "அருமை!" என்றது போன்.

என்னைக் கண்டதும் பொன்னுசாமிக்கு ஒரே சந்தோஷம். போனை எடுத்து வந்து காட்டினார்.

"பாருங்கம்மா, பச்ச! ஊட்டுல எத்தன செஞ்சாலும் செவப்புத்தாங்க உழுகுது. செவப்பு உழுந்தாச் செஞ்சதாவே சேராதுங்களே. பூரா எடமும் போனத் தூக்கீட்டு அலஞ்சு பாத்துட்டேன். இங்கதாங்க பச்ச உழுகுது. அதான் மழயில்லாத நாளா இவளக் கூட்டியாந்துருவேன். நீங்க வீடியோவுல கூப்புடறப்பவும் இங்க வந்துதாங்க பேசறது."

உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். பயிற்சி முடிந்ததும் திரையில் ஒரு வட்டம் வருகிறதில்லையா, சிக்னல் இருந்தால் கணக்கு உடனே நமக்கு வந்து அது பச்சையாகும். சிக்னல் இல்லாவிட்டால் சிவப்பாக நிற்கும். எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது தானாகவே வந்து சேர்ந்து பச்சையாகிவிடும். செய்த பயிற்சி எங்கும் போய்விடாது. அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வடிவமைத்தவருக்கு அது ஒரு சின்ன அடையாளம். பொன்னுசாமிக்கு அது பரீட்சைத்தாளில் விழுந்த சிவப்புக் கோடு. சிக்னல் வராத ஊரில் இருக்கிறவருக்குத்தானே இந்த மயக்கம் வரும்? சேந்தமங்கலத்தில் யாரும் சிவப்பைப் பார்த்ததேயில்லை.

மேலே ஏறி வந்த களைப்பில் அவள் இரண்டு பயிற்சிதான் செய்வாள். மழை நாளில் அதுவும் இல்லை. எங்கள் திரையில் அது பாதிக்கும் குறைவு, ஆர்வமில்லை.

நான் அவளை நடக்கச் சொன்னேன். பாறையின் சமதளத்தில் பத்தடி போய்த் திரும்பி வந்தாள். பிள்ளைகளே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் செயலியில் இருந்த அத்தனை பயிற்சியையும் விடாமல் செய்த வேறு நோயாளிகள் யாருக்கும் அந்தக் கால் வரவில்லை. முழங்கால் மடங்கிற்று, பாதம் கல்லைத் தேடி ஊன்றிற்று. மேடும் பள்ளமுமாக இருந்த அந்தத் தடம் அவளுக்குக் கொடுத்ததை நாங்கள் போனில் அடைத்துக் கொடுத்திருக்க முடியாது.

வீட்டிலேயே செய்தாலும் வந்து சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூடுபனியாக மஞ்சு இறங்கிவிட்டது. மலையில் அது கேட்டுக்கொண்டு வராது. கீழே தெரிந்த மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பாறை வியர்த்தது.

"எறங்கிரலாமுங்க," என்றார் பொன்னுசாமி, அவசரமாக.

இறங்க ஆரம்பித்து நாலைந்து எட்டு வைப்பதற்குள் அவளுடைய இடது கால் வழுக்கிற்று. பொன்னுசாமி துண்டை விட்டுவிட்டுப் பாய்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தார்.

"கைய உடுங்க! இடுப்பப் பிடிங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு நோயாளியின் குடும்பத்தாரிடம் அப்படிக் கத்தியதில்லை. விளங்காத கையில் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசை இருக்காது. விழுகிறவரை அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும், மாதக்கணக்கில் வலிக்கும், பிறகு அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்கள். இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். குடும்பத்தாருக்குச் செய்தும் காட்டுங்கள். பதறும் நேரத்தில் மனிதக் கை எது கிடைக்கிறதோ அதைத்தான் பிடிக்கும்.

அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். தோளைத் தடவிப் பார்த்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்.

பொன்னுசாமி அவள் முன்னால் வந்து நின்றார். "நானு முதுகுல தூக்கிக்கிறேன்," என்று குனிந்தார்.

"என்னைய மூட்டையாட்டத் தூக்கோண்டாம்," என்றாள் அவள்.

அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று உங்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தூக்கினால் வழுக்குப் பாறையில் இரண்டு பேரும் போவார்கள். நடக்க வைத்தால் பயந்த கால் மறுபடி வழுக்கும். மழை வந்துவிட்டால் இன்னும் மோசம். ஆனால் அவசரம் யாருக்கு என்று பார்த்தேன். பாறைக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. பயந்துபோன எங்கள் இருவருக்கும்தான். மஞ்சு கலையும்வரை யாரும் அசையக் கூடாது என்றேன். பொன்னுசாமியைச் சும்மா உட்கார வைத்தால் அவர் இன்னும் பதறுவார் என்று, கீழே போய் இரண்டு கோணிச்சாக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவர் தடம் பழகியவர். மனமில்லாமல் போனார்.

அவர் காலடிச் சத்தம் அடங்கியதும் பழனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க."

"எதை?"

"ஊட்டுல செஞ்சாலும் போவும்ங்கறத."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க. ஒரு வாரம் மழ உடவே இல்ல. பொழுது போவாம ஊட்டுக்குள்ளயே செஞ்சு பாத்தேன். எல்லாஞ் செவப்பு. மழ நின்னு இங்க வந்தமா, நானு இன்னுங் கைய அசைக்கக்கூட இல்ல, அத்தனையும் பச்சையாயிருச்சு. அவரு தடத்தப் பாத்துட்டு நின்னாரு. நானு ஒன்னுஞ் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, அப்ப ஊட்டுலயே செய்யிம்பாரு." அவள் குரல் ஏறியது. "உங்களுக்குத் தெரியாதுங்க. படுத்ததிலிருந்து என்னைய வாசப்படி தாண்ட உடறதில்ல. சோறு பெசஞ்சு குடுக்கறாரு, தலை சீவி உடறாரு. எந்திரிச்சா ஓடியாந்து புடிச்சுக்கறாரு. நல்ல மனுசந்தான், கொற சொல்லல. என்னையக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறாரு. கண்ணுக்குள்ள இருந்துக்கிட்டு நானு எப்படிங்க சோளக்காட்டுக்குப் போறது?"

நான் அவள் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துவிட்டேன்.

"ரோட்டுக்கு நடக்கறேன்னா வேண்டாம்பாரு. டாக்டரம்மா குடுத்த போனு கேக்குதுன்னா மட்டும் இந்தப் பாறைக்குக் கூட்டியாருவாரு. அதான் அந்தச் செவப்பு செவப்பாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன். ஊட்டுல செய்யறதயும் நிறுத்திப்போட்டேன்."

மஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் யோசித்ததை உங்களுக்கு அப்படியே சொல்லிவிடுகிறேன். ரகசியத்தைக் காப்பாற்றலாம். கால் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஆனியும் ஆடியும் பாறை காயாது. அடுத்த முறை வழுக்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன், அவர் மறுபடி அந்தக் கையைத்தான் பிடிப்பார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வாசல் சாத்திக்கொள்ளும், பலாச் சீசன் போய்விடும், இடமும் போய்விடும். போனை நல்லபடியாகப் பயன்படுத்தி, திரையில் எல்லாம் பச்சையாகி, அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பாராட்டுகூடக் கிடைத்திருக்கும்.

"பழனியம்மா, நானாச் சொல்லமாட்டேன்," என்றேன். "ஆனா மழை முடியற வரைக்கும் இந்தப் பாறை வேண்டாம்னு சொல்லத்தான் போறேன். அப்ப பச்சைக்கு என்ன பண்றதுன்னு அவர் கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன். அதனால நீங்களே சொல்லிருங்க."

கையை உதறினாள். "நீங்களும் அவரு பக்கமா?"

"நான் உங்க கால் பக்கம்."

சிரிக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொன்னுசாமி சாக்கோடு வந்தார். மஞ்சு மெலிந்திருந்தது. வழுக்கான பகுதி முழுவதும் உட்கார்ந்து நகர்ந்தே இறங்குவோம் என்றேன். முன்னால் பொன்னுசாமி, நடுவில் சாக்கின் மேல் பழனியம்மா, பின்னால் துண்டின் முடிச்சைப் பிடித்தபடி நான். ஓய்வுபெறும் வயதில், அலுவலகத்துக்குக் கட்டும் நல்ல புடவையில், சறுக்குமரம் விளையாடும் குழந்தையாக இறங்கினேன். மண்தடம் வந்ததும் அவளை எழுப்பி நிறுத்தினோம். இறங்கும்போது விளங்காத கால் முன்னால், ஏறும்போது நல்ல கால் முன்னால் என்று பொன்னுசாமிக்குச் சொல்லிக்கொடுத்தேன். துண்டை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டில் அவர் டீ போட்டார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பழனியம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்லமாட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏனுங்க," என்றாள் திடீரென்று. "ஊட்டுல செஞ்சாலும் பச்ச உழுகும். பொறவு தானா உழுகும். எனக்குத் தெரியும்."

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்ப எங்கிட்ட நடிச்சியா புள்ள?"

"ஆமா."

"அந்த வழுக்குப் பாறையில உன்ன ஏத்தி எறக்கி... எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வெளியில உட்டிருப்பீங்களா?"

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் நம் மாதிரி ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. "பரவாயில்லைங்க, இரண்டு பேரும் நல்லதுக்குத்தான்" என்று சமாதானம் பேசி மூடிவிடுவோம். நானும் பேசிப் பேசி மூடியவள்தான் என்பதால் அன்றைக்கு டீயைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கிற்று.

அவர்தான் பேசினார். என்னைப் பார்த்து, ஆனால் அவளுக்கு.

"அன்னைக்கு நானு காட்டுல இருந்தேங்க. இவ இந்த எடத்துலதான் உழுந்து கெடந்தா. காலையில உழுந்தாளா, உச்சியில உழுந்தாளா, எனக்குத் தெரியாது. நானு வந்து பாத்தப்ப கண்ணு மட்டும் முழிச்சிருந்துச்சு. என்னையவே பாத்துச்சு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதுக்கப்பறம் இவளத் தனியா உடவே முடியலீங்க."

பழனியம்மா அதை முன்பு கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நானும் கேட்டதில்லை. நாங்கள் அவளுடைய இரத்த அழுத்தத்தைக் கேட்டோம், சர்க்கரையைக் கேட்டோம், எத்தனை படி ஏறுவாள் என்று கேட்டோம். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்த மனிதரிடம் உங்களுக்கு என்ன பயம் என்று எங்கள் செயலியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கவனிக்கிறவர் பயந்துபோயிருந்தால் நோயாளியின் கால் எவ்வளவு தேறினாலும் வாசற்படியோடு நின்றுவிடும். இப்படி ஒரு கணவர் அமைந்தால் பாதி வேலை முடிந்தது என்று முன்பு நினைத்தேன் என்றேனே. மீதிப் பாதி வேலையே அவரிடம்தான் இருந்தது.

அன்று நான் செய்தது சின்ன விஷயம். போன் பயிற்சி முழுவதும் தினமும் வீட்டில். பாறைக்குப் பதிலாக ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை ரோட்டில் நடை, சாயங்காலம், அவர் பின்னால் வர. முதலில் துண்டைப் பிடித்துக்கொண்டு. அவர் மனது ஒப்பும்போது பிடிக்காமல். அவளுடைய மனது அல்ல, அவருடைய மனது என்று அழுத்திச் சொன்னேன். அவள் முறைத்தாள். அவர் "பாக்கலாமுங்க" என்றார். மலையில் பாக்கலாம் என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருங்கிணைப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திரையில் வந்த எண் சரியான எண்தான், பொய் இல்லை. அதற்கு ஆர்வமில்லை என்று பெயர் வைத்ததுதான் நம் வேலை என்றேன். போன் அங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்த பயணத்துக்கு என்னோடு அவரும் வந்தார். அந்தச் சிவப்பு வட்டத்தையும் மாற்றச் சொல்லி எழுதினார். எளிதில் மாற்றவில்லை, அது வேறு கதை.

ஆடி மாதம் வேறொரு நோயாளியைப் பார்க்க மலைக்குப் போனபோது சோளக்காட்டில் பஸ் நின்றது. நல்ல கூட்டம். கார்களும் வேன்களும் ரோட்டை அடைத்திருந்தன. இறங்கித் தேடினேன். அன்னாசிக் குவியலுக்குப் பின்னால் பழனியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் சாக்கு விரித்திருந்தவள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, இவளுக்கு எட்டாத பழத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. பழனியம்மாவின் இடது கை பிளாஸ்டிக் பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தது. வலது கை பலாச்சுளையை அள்ளிப் போட்டது. பைக்குள் சுளை விழும்போதெல்லாம் இடது விரல்கள் இறுகின. நாங்கள் போனில் கொடுத்த எந்தப் பயிற்சியிலும் அந்த விரல்கள் அப்படி இறுகியதில்லை.

"டாக்டரம்மா, வாங்க! உங்களுக்குன்னு வெல கொறைக்க மாட்டேன், ஆமா," என்று கத்தினாள்.

பொன்னுசாமி அவள் பக்கத்தில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக நின்றிருந்தார். கையில் டீ இல்லை. அவளைப் பார்த்தபடியே இருந்தார். அருகில் போனேன்.

"தனியா உட்டுட்டு இங்க நிக்கறீங்க?"

"பக்கத்துல நின்னா யாவாரம் ஓடாதுங்கறா. தொரத்தி உட்டுட்டா."

"பயமா இல்லீங்களா?"

"இல்லாமயா? இப்பக்கூட நெஞ்சு அடிச்சுக்குதுங்க." கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலே சொன்னார். "ஆனா உடமாட்டேன்னா, எனக்குத் தெரியாம எங்கியாச்சும் ஏறிப் போயிருவா. எனக்குத் தெரிஞ்சு உழுந்தான்னா ஓடிப்போயித் தூக்கலாமுங்களே."